அமெரிக்க அரசமைப்பின் அசல் தாள்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: வாஷிங்டன் நேஷனல் ஆர்க்கைவ்ஸ் வழிகாட்டி

வாஷிங்டன் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் பட்டியலில் வெள்ளை மாளிகையும் லிங்கன் நினைவகமும் விண்வெளி அருங்காட்சியகமும் தவறாமல் இருக்கும். நேஷனல் ஆர்க்கைவ்ஸ் என்ற தேசிய ஆவணக் காப்பகத்தை மட்டும் ‘நேரம் மிச்சமிருந்தால் பார்க்கலாம்’ என்று தள்ளி வைத்துவிடுவார்கள். அமெரிக்கா என்ற நாட்டை உருவாக்கிய மூன்று ஆவணங்களும் இந்த ஒரே கட்டடத்தில், ஒரே மண்டபத்தில் இருக்கின்றன: 1776இன் சுதந்திரப் பிரகடனம், 1787இன் அரசமைப்புச் சட்டம், 1789இல் எழுதப்பட்ட உரிமைகள் சாசனம். மூன்றுமே அசல். அரசமைப்பின் பக்கங்கள், வாஷிங்டனும் ஃபிராங்க்ளினும் மேடிசனும் குனிந்து கையெழுத்துப் போட்ட அதே தாள்கள்.

ஆனால் தயாராகாமல் போனால் ஏமாற்றம்தான். மங்கலான மண்டபத்தில் கண்ணாடிக்குள் சில பழுப்புத் தாள்கள் கிடக்கும். பழைய கையெழுத்து, எளிதில் படிக்க வராது. பத்து நிமிடத்தில் வெளியே வந்து, ‘ஒன்றுமே தெரியலையே’ என்று சொல்லும் பலரைப் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினரையும் நண்பர்களையும் அங்கே அழைத்துப் போகிறவன் என்ற முறையில், என்னவெல்லாம் தெரிந்துகொண்டு போனால் அந்த அரை மணி நேரம் பயனுள்ளதாக இருக்கும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முந்தின நாள் இரவு ஒருமுறை படித்துவிடுங்கள்

எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். அமெரிக்க அரசமைப்பின் மூலப்பகுதி மிகச் சிறியது. கையெழுத்துகளையும் சேர்த்தே சுமார் 4,500 சொற்கள்தான். பிற்காலத் திருத்தங்களை விட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் படித்து முடிக்கலாம். ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் மூன்று ஆவணங்களுமே அச்செழுத்தில், வரிக்கு வரி அசலில் உள்ளபடி இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிதாக்கிப் பார்க்கும்படியான தெளிவான படங்களும் உண்டு. மண்டபத்துக்குள் நின்றுகொண்டு முழுவதையும் படிக்க முடியாது. பின்னால் நிற்கிறவர்களுக்கு இடம் விட வேண்டும். எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால், கண்ணாடிக்கு முன்னால் கிடைக்கும் இரண்டு நிமிடமே போதும்.

படிக்கும்போது ஒன்றைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக் கையெழுத்தில் எஸ் என்ற எழுத்து சில இடங்களில் நீண்டு, எஃப் போலத் தெரியும். இரண்டு எஸ் சேர்ந்து வரும் இடங்களில் முதல் எழுத்தைப் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள். உரிமைகள் சாசனத்தின் தலைப்பிலேயே ‘காங்கிரஸ்’ என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயரில் அதைப் பார்க்கலாம். இது தெரியாமல் போனால் முதல் வரியிலேயே தடுமாறுவோம்.

2. நேரம், முன்பதிவு

நுழைவுக் கட்டணம் கிடையாது. முன்பதிவும் கட்டாயமில்லை. வரிசையில் நின்றே உள்ளே போகலாம். ஆனால் மார்ச் முதல் ஜூலை வரை பள்ளிச் சுற்றுலாக் கூட்டமும் விடுமுறைக் கூட்டமும் நெருக்கித் தள்ளும். அந்த மாதங்களிலும், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையிலும், கிறிஸ்துமஸ் வாரத்திலும் போவதாக இருந்தால் இணையத்தில் நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்வது நல்லது. ஆளுக்கு ஒரு டாலர் சேவைக் கட்டணம்தான். வெயிலில் கால்கடுக்க நிற்பதை அந்த ஒரு டாலர் தவிர்த்துவிடும்.

வழக்கமாகக் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5.30க்கு மூடுவார்கள். தேங்க்ஸ்கிவிங் அன்றும் டிசம்பர் 25 அன்றும் விடுமுறை. சிறப்பு நாள்களில் நேரம் மாறக்கூடும், அதனால் கிளம்புமுன் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால், குளிர்காலத்தில் ஒரு வார நாளில், திறந்ததும் போவதுதான் சிறந்தது. ஜூலை 4 அன்று கட்டடத்தின் படிக்கட்டில் பிரகடனத்தை உரக்க வாசிக்கும் விழா நடக்கும். விழாவைப் பார்க்க வேண்டுமானால் அன்று போங்கள், தாள்களை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் வேறு நாள்.

3. போய்ச் சேருவது

மெட்ரோ ரயிலில் பச்சை அல்லது மஞ்சள் தடத்தில் ஏறி, ‘ஆர்க்கைவ்ஸ்’ என்று தொடங்கும் பெயருள்ள நிலையத்தில் இறங்குங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் கட்டடம் எதிரிலேயே நிற்கும். ஆனால் அங்கிருந்து தெரிவது பென்சில்வேனியா அவென்யூ பக்கம், அது ஆராய்ச்சியாளர்கள் நுழையும் வாசல். பார்வையாளர் வாசல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் போனால் வரும் கான்ஸ்டிட்யூஷன் அவென்யூவில், 7ஆம் தெருவுக்கும் 9ஆம் தெருவுக்கும் இடையில் இருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் தடுமாறும் இடம் இது. வயதானவர்களோடு போனால் சுற்றி நடக்கும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நுழைவு தரைமட்டத்தில் இருப்பதால் பெரிய படிக்கட்டில் ஏறத் தேவையில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் மேலே போக மின்தூக்கி உண்டு.

உள்ளே விமான நிலையத்தைப் போலவே பாதுகாப்புச் சோதனை நடக்கும். பெரிய பைகளைக் கொண்டுபோக வேண்டாம். காட்சிக்கூடங்களுக்குள் சாப்பாடும் பானமும் கூடாது. மண்டபத்துக்குள் படம் எடுக்கவும் தடை. 2010இல் வந்த தடை இது. ஃபிளாஷ் அடிக்கக் கூடாது என்று எவ்வளவு சொன்னாலும் மக்கள் கேட்கவில்லை. ஒளி பட்டுப் பட்டுத்தான் மை மங்குகிறது என்பதால் படமே எடுக்கக் கூடாது என்று வைத்துவிட்டார்கள். இது நல்ல ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. கையில் கைபேசி இல்லாதபோதுதான் பலர் தாளைப் பார்க்கவே தொடங்குகிறார்கள்.

4. மண்டபத்துக்குள் நுழைந்ததும்

ரோட்டண்டா என்று அழைக்கப்படும் வட்ட மண்டபம் உயரமானது, குளிர்ச்சியானது, மங்கலானது. வெயிலிலிருந்து வந்தவுடன் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. அவசரப்பட்டுத் தாள்களிடம் போகாமல் சற்று நின்று, சுவரில் இருக்கும் இரண்டு பெரிய ஓவியங்களைப் பாருங்கள். பேரி ஃபாக்னர் 1936இல் முடித்தவை. ஒன்றில் ஜெஃபர்சன் தாம் வரைந்த பிரகடனத்தை அன்றைய காங்கிரஸின் தலைவர் ஹான்காக்கிடம் தருகிறார், மற்றதில் மேடிசன் அரசமைப்பை வாஷிங்டனிடம் தருகிறார். அப்படி ஒரு காட்சி நடந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இவை கற்பனைக் காட்சிகள். ஓவியங்களைப் பார்த்து முடிப்பதற்குள் கண் இருட்டுக்குப் பழகிவிடும்.

எதிரே நடுவில் இருப்பவை அரசமைப்பின் நான்கு பக்கங்கள். அவற்றுக்கு இடப்புறம் பிரகடனம், வலப்புறம் உரிமைகள் சாசனம். இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்தப் பேழைக்கு முன் இடம் இருக்கிறதோ அங்கே போகலாம். கூட்டம் எப்போதும் பிரகடனத்தின் முன்னால்தான் மொய்க்கும். அதனால் நேராக அரசமைப்பிடம் போங்கள். கூட்டத்தைத் தவிர்ப்பதற்கு மட்டும் சொல்லவில்லை, அந்த மண்டபத்தில் பார்க்க அதிகம் இருப்பதும் அங்கேதான்.

பேழைகளையும் ஒரு கணம் கவனியுங்கள். டைட்டானிய உலோகச் சட்டகம், அதற்குள் காற்றுக்குப் பதில் ஆர்கன் வாயு. ஆக்சிஜன் இருந்தால் தோலில் செய்த தாளும் மையும் சிதையும் என்பதால் இந்த ஏற்பாடு. 1950களில் செய்த பழைய பேழைகளில் ஹீலியம் அடைத்திருந்தார்கள். நாளடைவில் அந்தக் கண்ணாடியே சிதையத் தொடங்கியதால் புதிய பேழைகள் செய்து 2003இல் மண்டபத்தை மறுபடி திறந்தார்கள். அதுவரை அரசமைப்பின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டுமே வழக்கமாகப் பொதுமக்கள் பார்வைக்கு இருந்தன. நான்கு பக்கங்களும் நிரந்தரமாக வைக்கப்பட்டது அப்போதுதான். பேழைகளைத் தாழ்வாக அமைத்ததும் அப்போதுதான். இப்போது குழந்தைகளும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் யார் உதவியும் இல்லாமல் பார்க்கலாம்.

5. அரசமைப்பு: முதல் பக்கத்திலிருந்து நான்காம் பக்கத்துக்கும், திரும்பவும்

நான்கும் விலங்குத் தோலைப் பதப்படுத்திச் செய்த தோல்தாள்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 29 அங்குல உயரம், 24 அங்குல அகலம். எழுதியவர் பென்சில்வேனியா சட்டமன்றத்தில் துணை எழுத்தராக இருந்த ஜேக்கப் ஷாலஸ். கூலி 30 டாலர். 1787 செப்டம்பர் மாதத்தில் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து எழுதி முடித்தார்.

முதல் பக்கத்தின் உச்சியில் ‘மக்களாகிய நாம்’ என்ற தொடக்கம் பெரிய எழுத்தில் கண்ணில் படும். இந்திய வாசகர்களுக்கு அது உடனே பழகிய குரலாகக் கேட்கும். தற்செயல் இல்லை. இந்திய அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் அமெரிக்கா வந்து, உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் உள்ளிட்டவர்களைச் சந்தித்து இந்த அரசமைப்பின் நடைமுறை அனுபவத்தைக் கேட்டறிந்து போனார்.

பெரும்பாலானோர் அந்தப் பெரிய எழுத்தைப் பார்த்ததோடு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் அங்கிருந்து நேராக நான்காம் பக்கத்துக்குப் போங்கள். வலப்பக்கம் வாஷிங்டனின் கையெழுத்து, அதற்குக் கீழே மாநில வாரியாக மற்றவர்கள். மொத்தம் 39 கையெழுத்துகள். அரசமைப்பை எழுத 1787இல் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டுக்கு வந்தவர்கள் 55 பேர். கடைசி நாள் வரை இருந்தும் மேசன், ஜெர்ரி, ராண்டால்ஃப் மூவரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள். நியூயார்க்கின் பெயரில் ஹாமில்டன் ஒருவர் மட்டும்தான். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை, அதனால் அந்தப் பெயரே கிடையாது. பென்சில்வேனியாவின் எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து குறைவதையும் அங்கேயே பார்க்கலாம்.

இப்போது கையெழுத்துகளுக்கு இடப்புறம், பக்கத்தின் கீழ்ப்பகுதியில், சிறிய எழுத்தில் ஒரு பத்தி இருக்கிறதா என்று தேடுங்கள். அதுதான் பிழைத்திருத்தப் பட்டியல். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் எந்தச் சொல் இடையில் செருகப்பட்டது, எது அழித்து எழுதப்பட்டது என்று அந்தப் பத்தியில் குறித்து வைத்திருக்கிறார்கள். முதல் பக்கத்துப் பதினைந்தாவது வரியில் ‘முப்பது’ என்ற சொல் அழிப்பின் மேல் எழுதப்பட்டிருக்கிறது என்பது அதில் ஒரு குறிப்பு.

அதன் கதை இது. செப்டம்பர் 17, கையெழுத்து நாள். தாள் எழுதி முடிந்து மேசையில் தயாராக இருக்கிறது. அப்போது மாசசூசெட்சைச் சேர்ந்த கோராம் எழுந்து, பிரதிநிதிகள் சபையில் 40,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்பதை 30,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்று மாற்றலாம் என்கிறார். மாநாடு முழுக்கத் தலைமை நாற்காலியில் இருந்துகொண்டு விவாதங்களில் வாய் திறக்காமல் இருந்த வாஷிங்டன் எழுந்து அதை ஆதரித்துப் பேசுகிறார். மக்களுக்குப் போதிய பிரதிநிதித்துவம் இல்லையே என்ற குறை தனக்கும் இருந்தது என்கிறார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறுகிறது. தோல்தாளில் மையைக் கத்தியால் சுரண்டி எடுக்கலாம். அப்படிச் சுரண்டிய இடத்தில்தான் ‘முப்பது’ எழுதப்பட்டது.

முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து, முதல் உறுப்பின் இரண்டாம் பிரிவில் அந்த இடத்தைத் தேடுங்கள். கண்டுபிடித்ததும் அதே பத்தியில் சற்று மேலே பாருங்கள். மக்கள்தொகையைக் கணக்கிடும்போது சுதந்திர மனிதர்களை முழுதாகவும், ‘மற்றவர்களை’ ஐந்தில் மூன்று பங்காகவும் எண்ண வேண்டும் என்ற விதி அங்கே இருக்கிறது. அந்த மற்றவர்கள் அடிமைகள். மக்களின் பிரதிநிதித்துவம் குறைந்துவிடக் கூடாது என்று கடைசி நிமிடத்தில் கத்தியை எடுத்துச் சுரண்டித் திருத்திய அதே பத்தியில், சில வரிகளுக்கு மேலே, இந்த அநீதியை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். அது நீங்க உள்நாட்டுப் போரும், 1865இலும் 1868இலும் வந்த 13, 14ஆம் திருத்தங்களும் தேவைப்பட்டன. இந்த ஒரு பத்தியைக் காட்டுவதற்காகவே எல்லாரையும் இங்கே அழைத்து வரலாம் என்று நினைப்பேன். நேரம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

6. உரிமைகள் சாசனம்: பத்து அல்ல, பன்னிரண்டு

உரிமைகள் சாசனம் என்பது அரசமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள். பேச்சுரிமையும் மத உரிமையும் தரும் முதல் திருத்தத்தைத் தேடி இந்தத் தாளுக்கு வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள். தாளில் முதலாவதாக இருப்பது வேறு ஏதோ விஷயம். பேச்சுரிமை மூன்றாவதாக இருக்கும். காரணம் எளிது. 1789 செப்டம்பரில் காங்கிரஸ் மாநிலங்களுக்கு அனுப்பியது பன்னிரண்டு திருத்தங்கள். 1791 டிசம்பர் 15க்குள் ஏற்கப்பட்டவை மூன்றிலிருந்து பன்னிரண்டு வரையிலான பத்து மட்டுமே. நாம் பார்ப்பது ஏற்புக்கு முந்தைய தாள்.

தள்ளிப்போன இரண்டில் முதலாவது, அதே 30,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்ற கணக்கைப் பற்றியது. அது இன்றுவரை ஏற்கப்படவில்லை. இன்று பிரதிநிதிகள் சபையில் 435 உறுப்பினர்கள், ஒருவருக்குச் சராசரியாக ஏழரை லட்சம் பேருக்கும் மேல். இரண்டாவது, காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பள மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்பது. இருநூறு ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 1992இல் 27ஆம் திருத்தமாகிவிட்டது. மண்டபத்தில் இருக்கும் தாளில் இரண்டாவதாக வரும் திருத்தம் அதுதான்.

7. சுதந்திரப் பிரகடனம்

இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மற்றவற்றைவிட மிகவும் மங்கிவிட்ட தாள் இது. எதிர்பார்ப்போடு வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். பாடப்புத்தகங்களிலும் நினைவுப்பொருள் கடைகளிலும் நாம் பார்க்கும் தெளிவான படம், வில்லியம் ஸ்டோன் 1823இல் செம்புத் தகட்டில் செதுக்கி முடித்த பிரதியிலிருந்து வருவது. அசல் தாளைப் போர்க் காலங்களில் சுருட்டியும் மடித்தும் ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அப்புறம் 1841 முதல் 1876 வரை, முப்பத்தைந்து ஆண்டுகள், காப்புரிமை அலுவலகக் கட்டடத்தில் ஜன்னலுக்கு எதிரே மாட்டி வைத்திருந்தார்கள். மை வெளுத்ததற்கு அந்த வெளிச்சம் பெரிய காரணம்.

தாளின் கீழே இடது மூலையில் ஒரு கையின் தடம் மங்கலாகத் தெரியும். யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நடுவில் ஜான் ஹான்காக்கின் பெரிய கையெழுத்தைப் பொறுமையாகப் பார்த்தால் பிடித்துவிடலாம். மொத்தம் 56 பேர். தேதி ஜூலை 4 என்றாலும் பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2 அன்று.

இந்தத் தாள்கள் பிழைத்ததே பெரிய விஷயம். 1814இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனை எரிக்க வந்தபோது ஸ்டீஃபன் பிளெசன்டன் என்ற அரசு எழுத்தர் இவற்றை லினன் பைகளில் திணித்து, வண்டியில் ஏற்றி வர்ஜீனியாவின் லீஸ்பர்க் ஊருக்குக் கொண்டு போய்ப் பூட்டினார். இரண்டாம் உலகப்போரில் பிரகடனமும் அரசமைப்பும் கென்டக்கியில் தங்கம் வைத்திருந்த ஃபோர்ட் நாக்ஸ் கிடங்கில் இருந்தன. 1952 டிசம்பரில்தான் கவச வண்டியில் ஏற்றி, இரு பக்கமும் படைவீரர்கள் நிற்க, காங்கிரஸ் நூலகத்திலிருந்து இந்தக் கட்டடத்துக்கு வந்தன.

8. மிச்ச நேரத்தில்

மண்டபத்துக்கு அரை மணி, கட்டடத்தின் மற்றக் காட்சிகளுக்கு ஒரு மணி என்று வைத்துக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம். இங்கிலாந்தின் மேக்னா கார்ட்டாவின் 1297ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று இங்கே இருக்கிறது. லத்தீனில் எழுதியது. டேவிட் ரூபன்ஸ்டைன் என்ற செல்வந்தர் 2007இல் 2 கோடியே 13 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்து, காட்சிக்குக் கொடுத்திருக்கிறார். கறுப்பின மக்கள், பெண்கள், குடியேறிகள் தங்கள் உரிமைகளுக்காகப் போராடியதைச் சொல்லும் ஆவணங்களையும் இந்தக் கட்டடத்தில் பார்க்கலாம். மேலே ஐந்தில் மூன்று பங்கு விதியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அடுத்து என்ன நடந்தது என்பது அந்த ஆவணங்களில்தான் கிடைக்கும்.

குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் தேடும் வேலை கொடுங்கள்: கையின் தடம், அழித்து எழுதிய ‘முப்பது’, எழுத்துக் குறைந்த பென்சில்வேனியா. இந்த மூன்றையும் கண்டுபிடிக்கச் சொன்னால் பெரியவர்களைவிட அதிக நேரம் பேழைக்கு முன்னால் நிற்பார்கள். கூடவே வரும் வயதானவர்களுக்கு ஒரு மெல்லிய சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். தாள்களுக்காக வைத்திருக்கும் குளிர் கோடையிலும் உறைக்கும்.

9. இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால், பிலடெல்பியா

பிரகடனமும் அரசமைப்பும் எழுதப்பட்ட ஊர் பிலடெல்பியா. வாஷிங்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே இன்டிபென்டன்ஸ் ஹாலில் மாநாடு நடந்த அறையும், வாஷிங்டன் உட்கார்ந்திருந்த அசல் நாற்காலியும் இருக்கின்றன. நாற்காலியின் முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். கையெழுத்துகள் முடியும் வேளையில் 81 வயது ஃபிராங்க்ளின் அதைக் காட்டி, அது உதிக்கும் சூரியன்தான், மறையும் சூரியன் அல்ல என்று இப்போது தெரிந்துகொண்டேன் என்றாராம். சற்றுத் தள்ளி நேஷனல் கான்ஸ்டிட்யூஷன் சென்டரில், கையெழுத்திட்ட 39 பேரும் மறுத்த மூவரும் ஆளுயர வெண்கலச் சிலைகளாக ஓர் அறை முழுக்க நிற்கிறார்கள். அவர்களுக்கு இடையே நடக்கலாம், பக்கத்தில் நின்று உயரத்தை ஒப்பிடலாம். படமும் எடுத்துக்கொள்ளலாம்.

வாஷிங்டனில் தாள்களைப் பார்த்த பிறகு பிலடெல்பியா போவதே நல்லது. பெயர்கள் கண்ணுக்குப் பழகியிருக்கும், எந்தச் சிலை யாருடையது என்று நாமே தேடிப் போவோம். இன்டிபென்டன்ஸ் ஹாலுக்கு ஆண்டின் பெரும்பகுதியில் நேரம் குறித்த சீட்டு வேண்டும். சீட்டு இலவசம், இணையத்தில் எடுத்தால் ஒரு டாலர் கட்டணம். விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே ரயில் டிக்கெட்டுக்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.